15 வாட் போதுமா, 50 வாட் வேண்டுமா? குடும்பத்துக்கான ஜி.எம்.ஆர்.எஸ். ரேடியோக்கள்: ஒரு விமர்சனம்

அமெரிக்காவில் இரண்டு மூன்று கார்களில் சேர்ந்து கிளம்பினால், தேசியப் பூங்காவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே செல்போன் சிக்னல் ஓடிவிடும். முன்னால் போகிற கார் எந்தத் திருப்பத்தில் திரும்பியது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் பலர் கடையில் தொங்கும் ஜோடி வாக்கி டாக்கியை வாங்கி, பெட்டியில் போட்டிருக்கும் 30 மைலை நம்பி ஏமாறுகிறார்கள். அந்தத் தூரம் மலை உச்சியிலிருந்து எதிர் மலை உச்சிக்கு. வீடுகளும் மரங்களும் உள்ள ஊர்ப்புறத்தில் கைக்கருவிக்குக் கைக்கருவி ஒரு மைல், ஒன்றரை மைல் கிடைத்தாலே நல்லது.

அதற்கு அடுத்த படி ஜி.எம்.ஆர்.எஸ். (ஜெனரல் மொபைல் ரேடியோ சர்வீஸ்) என்ற இருவழி ரேடியோ சேவை. பரீட்சை கிடையாது; உரிமம் மட்டும் வாங்க வேண்டும். கட்டணம் 35 டாலர், பத்து வருடம் செல்லும். 2022 ஏப்ரலுக்கு முன் அதுவே 70 டாலராக இருந்தது.

கருவிக்கு முன் உரிமம். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் தளத்தில் முதலில் எஃப்.ஆர்.என். என்ற பதிவெண் எடுத்து, பிறகு 'இசட்.ஏ.' என்ற சேவைப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருக்கக் கூடாது; குடியுரிமை நிபந்தனை இல்லை. இடையில் புகுந்து 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று கூடுதல் பணம் கேட்கும் தளங்களைத் தாண்டிப் போங்கள், படிவம் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஒருவர் வாங்கிய உரிமத்தில் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி அக்கா தங்கை, சித்தப்பா, அத்தை, மாமா, அண்ணன் மகன், சம்பந்த வழி உறவு எல்லோரும் பேசலாம். ஆனால் சித்தப்பா மகனும் அத்தை மகளும் பட்டியலில் இல்லை! நம் ஊர்க் கணக்கில் அவர்களும் கூடப்பிறந்தவர்கள்தான், எஃப்.சி.சி. கணக்கில் அவர்கள் தனியே 35 டாலர் கட்ட வேண்டும். நண்பர்களும் அப்படியே. உரிமம் வாங்க விரும்பாத நண்பர், உரிமமே தேவையில்லாத 2 வாட் எஃப்.ஆர்.எஸ். கருவியில் பேசினால் உங்கள் ஜி.எம்.ஆர்.எஸ். கருவிக்குக் கேட்கும்; இரண்டுக்கும் சேனல் எண்கள் ஒன்றே.

தமிழில் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் பேசலாம். உரிமத்தோடு வரும் அடையாளக் குறியான கால் சைனை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. பேச்சு முடியும்போது ஒரு முறை, நீண்ட பேச்சு என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை.

சேனல்களைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் வாட் கணக்கில் ஏமாறுவது இங்கேதான். 1 முதல் 7 வரை 5 வாட்தான் வரம்பு. 8 முதல் 14 வரை அரை வாட், அதுவும் கைக்கருவிக்கு மட்டும். 15 முதல் 22 வரை, அதாவது 462.550 முதல் 462.725 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எட்டு சேனல்களில்தான் 50 வாட் செல்லும். இவற்றுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் மேலே உள்ள எட்டு அலைவரிசைகள் ரிப்பீட்டருக்குள், அதாவது உயரத்திலிருந்து உங்கள் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையத்துக்குள், போகும் வழி. ஆக, 50 வாட் கார் ரேடியோ வாங்கிவிட்டு 3ஆம் சேனலில் பேசிக்கொண்டிருந்தால் கருவி தானாகவே 5 வாட்டுக்கு இறங்கியிருக்கும். 8 முதல் 14 வரை கார் கருவிகளில் பேசவே வழி இருக்காது. 'என் ரேடியோவில் பாதி சேனல் வேலை செய்யவில்லை' என்ற புகாரில் பெரும்பாலானவை இந்த விதியைத்தான் குறை சொல்கின்றன.

கருவிகளுக்கு வருவோம்.

காருக்கு முதலில் பார்க்க வேண்டியது மிட்லாண்ட் எம்எக்ஸ்டி275. 15 வாட். பொத்தான்கள், திரை, ஸ்பீக்கர் எல்லாம் மைக்குக்குள்ளேயே இருக்கின்றன. உடல் பகுதி ஒரு சிறிய தகரப் பெட்டி, சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இன்றைய கார்களின் டாஷ்போர்டில் ஒரு ரேடியோ மாட்ட இடமே கிடையாது என்பதால் இந்த அமைப்பு அழகைவிடப் பெரிய விஷயம். 15 நேரடிச் சேனலும் 8 ரிப்பீட்டர் சேனலும் உண்டு. ஸ்பீக்கர் மைக்கில் இருப்பதால், மைக்கைக் கப்ஹோல்டரில் கவிழ்த்துப் போட்டால் நெடுஞ்சாலை இரைச்சலில் எதுவும் கேட்காது. காது மட்டத்தில் ஒரு கொக்கி மாட்டிவிடுங்கள். வாங்கும்போது வைட்பேண்ட் (குரலை அகலமான அலைப்பட்டையில் அனுப்புவது; நேரோபேண்ட் குறுகலானது) உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய இருப்பில் இருந்தவை நேரோபேண்டில் மட்டும் இயங்குபவை. அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

அதே நிறுவனத்தின் எம்எக்ஸ்டி500, எம்எக்ஸ்டி575 இரண்டும் 50 வாட். முன்னது முகப்பில் பொத்தான் உள்ள பழைய பாணி. பின்னது மைக்கிலேயே எல்லாம். வோக்சுன் கேஜி-1000ஜி-யும் 50 வாட்தான். முகப்புத் தட்டைக் கழற்றித் தனியே மாட்டலாம். அதன் ரிசீவர் சூப்பர்ஹெட்டரோடைன் வகை. நகரத்துக்குள், பக்கத்தில் பலமான டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கும் இடத்தில் திணறாமல் கேட்கும். அதன் மெனுவோ ஒரு சமுத்திரம். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பேச வேண்டும் என்றால் இது முதல் தேர்வு ஆகாது.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. 15 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 5.2 டெசிபெல். சிக்னல் மீட்டரில் ஒரு கட்டை ஏற்ற 6 டெசிபெல் வேண்டும். அதாவது மூன்று மடங்குக்கு மேல் வாட் ஏற்றியும் எதிர்முனையில் ஒரு கட்டைகூட முழுசாக ஏறாது. உங்களுக்குக் கேட்பதும் மாறாது. எதிராளி 5 வாட் கைக்கருவியில் பேசினால் அவரிடமிருந்து வருவது அதே 5 வாட்தான். இந்த அலைவரிசையில் தூரத்தை முடிவு செய்வது உயரம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். கையில் 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீட்டர். கூரைமேல் 10 மீட்டரில் வைத்தால் 13. எதிராளியின் ஆன்டெனாவுக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டினால் வருவதுதான் சமவெளியில் உச்சம். நடுவில் கட்டடமும் மரமும் குறைத்துக்கொண்டே வரும். அதனால் கைக்காசு அளவாக இருந்தால் 15 வாட் கருவியும் நல்ல ஆன்டெனாவும் வாங்குங்கள். 50 வாட் கருவியை ஒரு சிறிய காந்த ஆன்டெனாவில் மாட்டி ஓட்டுவது, தேருக்கு சைக்கிள் சக்கரம் பூட்டுவது மாதிரி. தொலைதூர ரிப்பீட்டர் ஒன்றையே தினமும் நம்பியிருப்பவருக்கு மட்டும் 50 வாட்டில் நியாயம் உண்டு.

கைக்கருவிகளில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதிக் கடை காலியாகிவிடும்: ரிப்பீட்டர் சேனல் உண்டா? பரவலாக விற்கும் மிட்லாண்ட் ஜிஎக்ஸ்டி1000 ஜோடியில் அது கிடையாது. ஆன்டெனாவையும் கழற்ற முடியாது. முகாமுக்குள் பிள்ளைகளுக்குக் கொடுக்க அது போதும். பாவ்ஃபெங் யூவி-5ஜி, ரேடியோடிட்டி ஜிஎம்-30 போன்றவை மலிவு, ஆன்டெனா கழற்றலாம், ரிப்பீட்டரும் உண்டு. இவற்றின் ரிசீவர் ஒரே சில்லில் அடங்கியது என்பதால் கூரை ஆன்டெனாவில் மாட்டினால் அக்கம்பக்கச் சிக்னல்களில் செவிடாகிவிடும். வோக்சுன் கேஜி-935ஜி விலை அதிகம், ரிசீவர் அதற்கேற்ற தரம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற ஹாம் (பரீட்சை எழுதி உரிமம் வாங்கும் பொழுதுபோக்கு ரேடியோ) கருவியில் 462 மெகாஹெர்ட்ஸைத் தட்டிப் பேசுவது. வேலை செய்யும், ஆனால் ஜி.எம்.ஆர்.எஸ்.ஸுக்கான எஃப்.சி.சி.யின் 95இ பிரிவுச் சான்று அந்தக் கருவிக்கு இல்லை, உரிமம் இருந்தாலும் அது விதிமீறல். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் '5ஜி'யா '5ஆர்'ஆ என்று எழுத்தை உற்றுப் பார்த்து வாங்க வேண்டும்.

கைக்கருவிக்கு நீள ஆன்டெனா வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். 430-440 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பட்டைக்கு வெட்டியது 462இல் மந்தமாகத்தான் இருக்கும். உறையில் ஜி.எம்.ஆர்.எஸ். என்று போட்டதை வாங்குங்கள். ரேடியோ பக்கத்து கனெக்டர் ஆணா பெண்ணா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறாக வாங்கினால் திருகவே முடியாது.

காரில் மாட்டுவது

நல்ல இடம் கூரையின் நட்ட நடு. கால் அலை நீள ஆன்டெனா வெறும் 15, 16 சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே சுற்றிலும் அதே அளவு உலோகத் தகடு வேண்டும். சியென்னா, ஒடிஸி மாதிரி வேன்களின் கூரை இரும்பு என்பதால் காந்த அடி ஒட்டும். 2015 முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 அலுமினியம், ஒட்டாது. டெஸ்லா மாடல் ஒய் கண்ணாடிக் கூரை. அதில் பானெட் ஓரத்தில் பிடிக்கும் கிளிப்தான் வழி. கண்ணாடிக் கூரைக்கு மேலே 50 வாட் வைக்கவே வேண்டாம். உலோகக் கூரை உள்ளே இருப்பவர்களை மறைக்கும், கண்ணாடி மறைக்காது. ஆன்டெனாவிலிருந்து ஆள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

கேபிளைக் கதவு ரப்பருக்கு இடையில் நுழைப்பதுதான் வழக்கம். கதவின் கூர்மையான விளிம்பு எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, ரப்பர் தடிமனாக இருக்கும் மூலையில் விடுங்கள். நசுங்கின கேபிள் வெளியே நன்றாகவே தெரியும். உள்ளே நடுக்கம்பி ஒருபக்கம் நகர்ந்திருக்கும், எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மின்சாரம்: 15 வாட் கருவி 4, 5 ஆம்பியர் எடுக்கும், சிகரெட் லைட்டர் துளை தாங்கும். 50 வாட் கருவிக்கு 10 ஆம்பியருக்கு மேல் போகும். அதை லைட்டர் துளையில் மாட்டினால் பேசும்போது வோல்ட் சரிந்து கருவி அணைந்து எழும், இல்லாவிட்டால் காரின் ஃபியூஸ் போகும். பேட்டரியிலிருந்து நேராக 12 கேஜ் வயர் இழுங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரேடியோ பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், வழியில் வயர் உரசினால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. நெகடிவ் வயரைப் பேட்டரி முனையில் மாட்டாமல், பேட்டரியின் நெகடிவ் காரின் உடலில் சேரும் போல்ட்டில் மாட்டுங்கள். புதிய கார்களில் நெகடிவ் முனையில் மின்னோட்டம் அளக்கும் சென்சார் இருக்கும். முனையிலேயே மாட்டினால் அதன் கணக்கு தப்பும். எஞ்சினை முறுக்கும்போது கூடவே ஏறும் 'ஙொய்' என்ற சத்தம் எதிராளிக்குக் கேட்டால், பெரும்பாலும் கோளாறு இந்த வயரிங்கில்தான். லித்தியம் துணை பேட்டரி உள்ள புதிய டெஸ்லாக்களில் வோல்ட் 15.5 வரை நிற்கும், பொதுவான 13.8 வோல்ட் கருவிகளுக்கு அது விளிம்பு நிலை, கையேட்டில் உச்ச வரம்பைப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

மாட்டியவுடன் இந்த எஸ்.டபிள்யூ.ஆர். அளவைப் பாருங்கள். சி.பி. ரேடியோவுக்கு விற்கும் மலிவு மீட்டர் 27 மெகாஹெர்ட்ஸுக்கானது. 462இல் அது காட்டுவதெல்லாம் கற்பனை. சுரேகாம் எஸ்டபிள்யூ-102 மீட்டர் அல்லது ஆன்டெனாவின் அளவைக் கோடாக வரைந்து காட்டும் நானோவிஎன்ஏ இருந்தால் சரி. 1.5க்குள் இருந்தால் திரும்பி வருவது 4 சதவீதத்துக்குள். 2 என்றால் 11 சதவீதம், பரவாயில்லை. 3 என்றால் கால் பங்கு திரும்புகிறது, பேசுவதை நிறுத்திவிட்டுக் கனெக்டரைப் பாருங்கள். நானோவிஎன்ஏ கோட்டின் பள்ளம் 462க்குக் கீழே விழுந்தால் கம்பி நீளம், ஒவ்வொரு மில்லிமீட்டராக வெட்ட வேண்டும். 468க்கு மேலே விழுந்தால் கம்பி குட்டை, புதுக் கம்பிதான். வெட்டியதை ஒட்ட முடியாது.

வீட்டில் வைப்பது

இங்கே தோற்பது கேபிளில். ஆர்ஜி-58 கேபிள் 450 மெகாஹெர்ட்ஸில் 100 அடிக்குச் சுமார் 10 டெசிபெல் தின்னும். எல்எம்ஆர்-400 அதே தூரத்துக்கு 2.7 டெசிபெல்தான். 50 அடி கேபிள் என்று வையுங்கள்: 15 வாட் கருவியிலிருந்து கிளம்பியதில் ஆர்ஜி-58 வழியாக மேலே போய்ச் சேர்வது 5 வாட்டுக்கும் குறைவு, எல்எம்ஆர்-400 வழியாக 11 வாட். கேட்கும்போதும் இதே நஷ்டம். அதாவது 50 வாட் கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் காசைக் கேபிளில் போட்டால் பேச்சும் கேட்பும் இரண்டும் ஏறும். வெளிப்புறக் கனெக்டர் 'என்' வகையாக இருக்கட்டும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், மழைநீர் ஓட்டின் மேல் வழிவது போல வழியும். தண்ணீர் ஒரு முறை கேபிளுக்குள் போனால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுவதுதான்.

மின்னலுக்கு: கம்பத்திலிருந்து 10 கேஜ் செம்புக் கம்பி தரைக்கு, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான். தனியாக ஒரு தரைக்கம்பி அடித்தால் அதை வீட்டு மின் தரைக்கம்பியோடு 6 கேஜ் செம்பால் இணைத்தே ஆக வேண்டும். இரண்டையும் தனித்தனியே விட்டால் மின்னல் அவற்றுக்கு நடுவில் உங்கள் ரேடியோவின் வழியாகத்தான் பாயும். கம்பம் சாய்ந்தால் விழும் தூரத்துக்குள் மின்கம்பி இருக்கவே கூடாது.

குடியிருப்போர் சங்கம் உள்ள இடத்தில் இன்னொரு சிக்கல். டிஷ் ஆன்டெனாவைத் தடுக்க முடியாது என்ற எஃப்.சி.சி. விதி ஜி.எம்.ஆர்.எஸ்.ஸுக்குப் பொருந்தாது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்போது பரணில் வைக்கலாம். சாதாரண ஷிங்கிள் கூரை ஓரளவுக்கு விட்டுவிடும். உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய பலகை என்றால் பரண் ஒரு தகர டப்பா, முயற்சியே வேண்டாம்.

டோனும் ரிப்பீட்டரும்

கடைக்குத் திரும்பி வரும் கருவிகளில் பல பழுதானவை அல்ல, டோன் தவறாக வைத்தவை. டோன் என்பது குரலோடு கூடவே போகும் ஒரு மெல்லிய ஒலி; அது பொருந்தினால்தான் ரிப்பீட்டர் திறக்கும். பெட்டியில் 'பிரைவசி கோடு' என்று போட்டிருப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டோன் வைக்காதவர் எல்லாவற்றையும் கேட்கலாம். ரிப்பீட்டர் சொந்தக்காரர் உங்களிடம் '141.3' என்று ஹெர்ட்ஸில் சொல்வார். உங்கள் கருவியோ 1 முதல் 38 வரை எண் கேட்கும். பொதுவான 38 டோன் பட்டியலில் 141.3 என்பது 22ஆம் எண். 67.0 ஒன்றாம் எண், 100.0 பன்னிரண்டாம் எண். கையேட்டின் கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைக்கும் வரிசை: முதலில் ரிப்பீட்டர் சேனலுக்கு மாறுங்கள், உதாரணத்துக்கு, சும்மா 20 அல்ல, ரிப்பீட்டர் 20. அடுத்து அனுப்பும் டோனை மட்டும் வையுங்கள். கேட்கும் டோனை முதலில் காலியாக விடுங்கள். சில எளிய கருவிகளில் இரண்டும் ஒட்டியே மாறும். ரிப்பீட்டர் வேறு டோனில் திருப்பி அனுப்பினால் அந்தக் கருவி ஊமைபோல் இருக்கும், உண்மையில் ரிப்பீட்டர் கத்திக்கொண்டிருக்கும். பிறகு வைட்பேண்ட். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துக் கால் சைனைச் சொல்லி விடுங்கள். விட்டவுடன் 'கஷ்' என்று ஒரு வால் சத்தம் கேட்டால் ரிப்பீட்டர் திறந்துவிட்டது. கேட்காவிட்டால் டோன், சேனல், தூரம் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். திறக்கிறது, ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்று எதிராளி சொன்னால் உங்கள் கருவி நேரோபேண்டில் இருக்கிறது. அவர் பேசுவது உங்களுக்கு மட்டும் கரகரத்து உடைந்தாலும் காரணம் அதே.

திறந்த ரிப்பீட்டர் என்று பட்டியலில் இருந்தாலும் அனுமதி கேட்டுவிட்டுப் பேசுவதுதான் வழக்கம். மின்சாரக் கட்டணமும் கோபுர வாடகையும் யாரோ ஒருவர் கைக்காசில் போகிறது.

கணினியில் நிரல் ஏற்ற முடிந்த கருவிகளுக்குக் கேபிள் தனியே வாங்கும்போது கவனம்: போலிச் சில்லு உள்ள கேபிள்கள் புதிய விண்டோஸ் டிரைவரோடு ஒத்துப்போகாது. கருவி கணினியோடு பேசவில்லை என்றால் முதலில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கனடா எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு: சியாட்டில், டெட்ராய்ட், பஃபலோ எல்லாம் எல்லையை ஒட்டி எஃப்.சி.சி. வகுத்த 'ஏ' கோட்டுக்கு வடக்கே வருகின்றன, அங்கே 19, 21 சேனல்களிலும் அவற்றின் ரிப்பீட்டர் ஜோடியிலும் பேசக் கூடாது என்று சொல்லப்பட்டு வந்தது; இப்போதைய நிலையை எஃப்.சி.சி. தளத்தில் பாருங்கள். தடை இருந்தாலும் கருவி தடுக்காது, நீங்களேதான் ஒதுக்கிவைக்க வேண்டும். நயாகராவில் பாலத்தைத் தாண்டினால் கனடாவில் வரம்பு 2 வாட், ரிப்பீட்டரும் கிடையாது. காரில் மாட்டிய ரேடியோவை அணைத்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது சூட்கேஸில் இந்தியாவுக்கும் கொண்டுபோக வேண்டாம், எஃப்.சி.சி. உரிமம் அங்கே செல்லாது.